மாட்டாஸ்பத்திரி ரெக்கார்டு: ஹார்ட் டிஸ்க்கா, கிளவுடா?

மன்னார்குடி, பட்டுக்கோட்டை பக்கம் கிளினிக் வச்சிருக்க கால்நடை டாக்டருங்க ரெக்கார்ட சேமிச்சு வைக்க ஹார்ட் டிஸ்க்க நம்புறது நல்லாவே புரியுது, 2018 கஜா புயல்ல கரண்டும் டவரும் நாள்கணக்கா இல்லாம கிடந்தப்ப இன்டர்நெட் வழியா சேமிக்கிற கிளவுட தொறக்க ஏது வழி. ஆனா அந்த டிஸ்க்கு எந்நேரமும் கம்ப்யூட்டர்லயே சொருகி கிடந்தா ரான்சம்வேர் (ஃபைல பூட்டிட்டு பணம் கேக்குற வைரஸ்) வந்தா ரெண்டும் சேந்தே லாக் ஆயிடும், திருடன் வந்தாலும் ரெண்டையும் தூக்கிட்டு போயிடுவான்.

கிளவுட்ல அந்த பயம் கம்மி, ஆளுக்கொரு லாகின் குடுத்து ஓடிபியும் போட்டு வச்சா. என் ஓட்டு கிளவுடுக்குதான், கூடவே வாரம் ஒரு காப்பி டிஸ்க்குல எடுத்து கழட்டி வேற எடத்துல பூட்டி வைங்க.

இதெல்லாம் ரெக்கார்டுக்குதான்; கெட்டமின்ங்கிற மயக்க மருந்துக்கு இந்த ஒப்பீடே கிடையாது, அது ஷெட்யூல் எக்ஸ், அதாவது கடுமையான கட்டுப்பாடு உள்ள மருந்து பட்டியல்ல இருக்கு, பூட்டுன அலமாரியிலதான் இருக்கணும், சாவி டாக்டர் கையில.