திரையில் உயரம்தான் அருமை: ரைட்டர் விண்டோவை ஒழுங்குபடுத்திய அனுபவம்

புத்தகங்களுக்குப் பக்கம் அமைப்பது என் தொழில். சிறிய பதிப்பகங்களுக்கும், சொந்தச் செலவில் புத்தகம் போடுபவர்களுக்கும், அவ்வப்போது ஆய்வேடு முடிக்கிற மாணவர்களுக்கும் செய்து தருகிறேன். 2016லிருந்து எல்லாமே லிப்ரேஆபீஸ் என்ற இலவச ஆபீஸ் மென்பொருளின் எழுத்துப் பகுதியான ரைட்டரில்தான். அதன் வசதிகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது அந்த விண்டோவின் நான்கு ஓரங்களைப் பற்றி. அங்கே எது இருக்கிறது, எது இருக்கக் கூடாது என்பதைச் சரிசெய்தபோதுதான் என் கழுத்து வலி பாதி குறைந்தது, வேலையும் வேகம் பிடித்தது.

முதலில் இட நெருக்கடியைச் சொல்லிவிடுகிறேன். என் லேப்டாப் திரை 15.6 அங்குலம், 1366க்கு 768 பிக்சல். ஸ்கேல் வைத்து அளந்தால் உயரம் 19 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதில் விண்டோஸ் 10ன் டாஸ்க்பாருக்கு மட்டும் 40 பிக்சல், அதாவது ஒரு சென்டிமீட்டர் போய்விடும். மேலே தலைப்பு வரிசை, மெனு, ஸ்டாண்டர்டு டூல்பார், ஃபார்மேட்டிங் டூல்பார், ரூலர். கீழே ஸ்டேட்டஸ் பார், தேடும்போது கூடவே ஒரு தேடல் வரிசை. இதெல்லாம் போக மீதிதான் உரைக்கு.

தமிழ்ப் புத்தகங்களில் அதிகம் புழங்கும் டெமி அளவை எடுத்துக்கொள்ளுங்கள்: அகலம் ஐந்தரை அங்குலம், உயரம் எட்டரை. நூறு சதவீதத்தில் வைத்தால் பக்கத்தின் உயரமே 816 பிக்சல் வரும். திரை மொத்தமும் 768தான். முழுப் பக்கத்தையும் பார்க்க எழுபது சதவீதத்துக்குக் கீழே இறக்கினால், விட்டுப்போன புள்ளி கண்ணில் படாது. 'பார்த்த்தான்' என்று கூடுதலாக விழுந்த ஒற்றும் தப்பிவிடும். பிழை பார்க்கிறவனுக்கு அது சரிப்படாது. ஆனால் அதே பக்கத்தின் அகலம் 528 பிக்சல்தான். திரை அகலமோ 1366. இரண்டு பக்கமும் சேர்த்து 800 பிக்சலுக்கு மேல் வெறும் சாம்பல் நிறம்!

இந்தக் கணக்கு புரிந்த நாளில் எனக்கு வழியும் புரிந்துவிட்டது. உயரம் அருமையானது, அகலம் தாராளம். மேலே இருப்பதையெல்லாம் பக்கவாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

இப்போது என் விண்டோவில் இடது ஓரம் தலைப்புகளைப் பட்டியலிடும் நேவிகேட்டருக்கு, வலது ஓரம் ஸ்டைல் பேனலுக்கு. ஒரு வகைப் பத்திக்கான ஃபாண்ட், அளவு, இடைவெளியை ஒரே பெயரில் சேர்த்துவைப்பதுதான் ஸ்டைல்; அதை மாற்றினால் அந்தப் பெயருள்ள பத்திகள் எல்லாம் மாறும். எஃப்5 அழுத்தினால் நேவிகேட்டர் வரும். அது தனியாக மிதந்துகொண்டிருந்தால் தலைப்பைப் பிடித்து இடது விளிம்புக்கு இழுக்க வேண்டும். விளிம்பைத் தொட்டதும் ஒரு கட்டம் தெரியும், அங்கே விட்டால் ஒட்டிக்கொள்ளும். திரும்பக் கழற்ற வேண்டுமென்றால் கண்ட்ரோல் விசையைப் பிடித்தபடி பேனலின் காலி இடத்தில் இருமுறை கிளிக் செய்தால் போதும். மிதக்கும் பேனலை நான் வைத்துக்கொள்வதே இல்லை. எங்கே நகர்த்தினாலும் ஏதோ ஒரு வரியை மறைத்துக்கொண்டுதான் நிற்கும். மறைந்த வரியில்தான் பிழை இருக்கும் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

நேவிகேட்டரில் தலைப்புகள், அட்டவணைகள், படங்கள், புக்மார்க்குகள் என்று எல்லா வகையும் மரம்போல விரிந்து நிற்கும். எனக்குத் தலைப்புகள் மட்டும் போதும். தலைப்புகள் என்ற வரியைத் தேர்ந்தெடுத்து, மேலே உள்ள பட்டனால் மற்ற வகைகளை மறைத்துவிடுவேன். 'ஏழாம் அத்தியாயத்தை நாலாவதுக்கு முன்னால போட்டுடலாமா சார்?' என்று எழுத்தாளர் ஃபோன் செய்தால், அவர் லைனில் இருக்கும்போதே அந்தத் தலைப்பை இழுத்து மேலே விட்டுவிடுவேன். அதன் கீழுள்ள உரை மொத்தமும் கூடவே வந்துவிடும். முன்பெல்லாம் இருபது பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

வலது ஓரத்துக்கு வருவோம். சைடுபார் லிப்ரேஆபீஸில் 2013ல், 4.1 பதிப்பில் சோதனை முயற்சியாக எட்டிப்பார்த்தது. நான் பயன்படுத்த ஆரம்பித்தபோது அது இயல்பாகவே திறந்திருக்கும், பிராப்பர்ட்டீஸ் பக்கத்தைக் காட்டிக்கொண்டு. எழுத்து அளவு, தடிப்பு, வரி இடைவெளி எல்லாம் அங்கே பட்டன்களாக இருக்கும். கை நேராக அங்கேதான் போகும், அதுதான் ஆபத்து. ஒரு பத்தியில் அளவை அங்கே மாற்றுகிறோம், இன்னொரு பத்தியில் இடைவெளியை மாற்றுகிறோம். 300 பக்கம் முடிந்த பிறகு பதிப்பாளர் எழுத்து அளவை அரைப் பாயிண்ட் குறைக்கச் சொன்னால், கையால் மாற்றிய பத்திகள் எல்லாம் தனித்தனியாக முறைத்துக்கொண்டு நிற்கும். அதனால் பிராப்பர்ட்டீஸை மூடி, எஃப்11 அழுத்தி ஸ்டைல் பேனலை வைத்துவிட்டேன். எட்டு வருடத்துக்கு மேலாக அது அங்கேயே இருக்கிறது.

இந்தப் பேனலின் அடியில் ஒரு சின்னக் கீழிறங்கு பட்டி உண்டு. பலர் அதைத் தொடுவதே இல்லை. அதில் 'அப்ளைடு ஸ்டைல்ஸ்' என்று தேர்ந்தெடுத்தால், இந்தக் கோப்பில் உண்மையில் பயன்பட்டிருக்கும் ஸ்டைல்கள் மட்டும் தெரியும். ஒரு கட்டுரைத் தொகுப்புக்கு எனக்குத் தேவை ஏழெட்டு ஸ்டைல்தான். பட்டியலில் பதினைந்து தெரிந்தால், வேறு கோப்பிலிருந்து ஒட்டியபோது ஏதோ கூடவே வந்திருக்கிறது என்று அர்த்தம். அச்சுக்கு அனுப்பும் முன் நான் செய்கிற முதல் சோதனை இதுதான்.

அதே பேனலில் 2023ல் வந்த 7.6 பதிப்பு ஒரு நல்ல காரியம் செய்தது. ஸ்பாட்லைட் என்ற டிக் பெட்டி. அதைப் போட்டதும் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் ஸ்டைலுக்கு ஒரு நிறம், ஒரு எண் வந்துவிடும். பேனலில் ஸ்டைல் பெயருக்குப் பக்கத்திலும் அதே நிறம், அதே எண். ஸ்டைலை மீறிக் கையால் மாற்றியிருந்தால் அந்த நிறத்தின்மேல் கோடு கோடாகத் தெரியும். சென்ற வருடம் ஒரு பயணநூலில் இதைப் போட்டுப் பார்த்தேன். வரிசையாக ஒரே நிறத்தில் போய்க்கொண்டிருந்த பத்திகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் கோடு போட்டு நின்றது. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. திறந்து பார்த்தால் வரி இடைவெளி துளி கூடுதல். அச்சில் எதிர்ப் பக்க வரிகளோடு அது நேர் சேர்ந்திருக்காது.

தமிழுக்கே உரிய இன்னொரு காரணமும் இருக்கிறது. ரைட்டர் ஒவ்வொரு ஸ்டைலிலும் ஆங்கில எழுத்துக்கு ஒரு ஃபாண்ட், நம்முடையது போன்ற எழுத்துகளுக்கு வேறொரு ஃபாண்ட் என்று தனித்தனியாக வைத்திருக்கும். யூனிகோடு தமிழ் இரண்டாவதில் வரும். ஃபார்மேட்டிங் டூல்பாரில் இருப்பதோ ஒரே ஒரு ஃபாண்ட் பெட்டி. தமிழ்ச் சொல்லில் கர்சர் இருந்தால் தமிழ் ஃபாண்ட் பெயரையும், ஆங்கிலச் சொல்லில் இருந்தால் அதன் ஃபாண்ட் பெயரையும் காட்டும். புதிதாக வருபவர்கள் அங்கே ஒரு ஃபாண்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அடுத்த பத்தியில் ஏன் மாறவில்லை என்று குழம்புவார்கள். ஸ்டைலுக்குள் போய் இரண்டு இடத்திலும் ஃபாண்டும் அளவும் ஒருமுறை வைத்துவிட்டால் அந்தப் பெட்டியே தேவைப்படாது. ஆகவே ஃபார்மேட்டிங் டூல்பாரை மொத்தமாக எடுத்துவிட்டேன். அது போனதில் கிட்டத்தட்ட இரண்டு வரி உரைக்கு இடம் கிடைத்தது.

அதை எடுப்பதற்கு முன் இடது ஓரத்தில் செங்குத்தாக நிறுத்தியும் பார்த்தேன். பட்டன்கள் நின்றன. ஆனால் ஃபாண்ட் பெயர்ப் பெட்டி போன்ற அகலமானவை செங்குத்தில் தெரியாது. ஓவியக் கருவிகள் இருக்கும் டூல்பாருக்கு அந்த இடம் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

ஸ்டாண்டர்டு டூல்பார் இருக்கிறது, ஆனால் மெலிந்துபோய். வலது கிளிக் செய்து விசிபிள் பட்டன்ஸ் போனால் ஒவ்வொன்றாக டிக் எடுக்கலாம். சேமிக்க, பிரதி எடுக்க, ஒட்டவெல்லாம் கீபோர்டு இருக்கும்போது பட்டன் எதற்கு? பிடிஎஃப் ஏற்றுமதி, அடிக்குறிப்பு, சிறப்புக் குறியீடு, பக்க முறிவு, இவ்வளவுதான் வைத்திருக்கிறேன். தலைப்பு ஸ்டைல்களுக்கு கண்ட்ரோல் 1, 2, 3 என்று ஏற்கெனவே விசைகள் உண்டு. என் சொந்த ஸ்டைல்களான 'மேற்கோள்', 'கவிதை வரி' ஆகியவற்றுக்கும் டூல்ஸ் மெனுவின் கஸ்டமைஸ் பகுதியில் விசை கொடுத்திருக்கிறேன். எப்போதாவது தேவைப்படும் கட்டளைக்கு மெனுவைத் துழாவுவதில்லை. 7.2லிருந்து ஷிஃப்ட் எஸ்கேப் அழுத்திப் பெயரின் ஒரு பகுதியை அடித்தால் அதுவே கொண்டுவந்து கொடுக்கிறது.

டேப் வடிவ இடைமுகத்தையும் முயன்று பார்த்தேன். வியூ மெனுவில் யூசர் இன்டர்ஃபேஸ் என்று போனால் கிடைக்கும். வேறு ஆபீஸ் மென்பொருளில் பழகி வருபவர்களுக்கு அது வீடு மாதிரி இருக்கும், அவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன். ஆனால் உயரம் அதிகம். அதன் காம்பாக்ட் வடிவத்தில் பட்டன்கள் ஒரே வரிசையில் அடங்கும், நன்றாகவே இருக்கிறது. ஒரு மாதம் வைத்திருந்தேன். மெனுவில் கை பழகிவிட்டதால் திரும்பிவிட்டேன். பழக்கம் மட்டும்தான் காரணம்.

சூழலுக்கேற்ப வரும் டூல்பார்களோடு மட்டும் எனக்கு இன்னும் முழுச் சமாதானம் ஆகவில்லை. அட்டவணைக்குள் கர்சர் போனதும் கீழே டேபிள் டூல்பார் எழும்பும், வெளியே வந்ததும் மறையும். படத்தைத் தொட்டால் வேறொன்று. ஒவ்வொரு முறையும் உரைப் பகுதியின் உயரம் மாறுகிறது. புள்ளிவிவரம் நிறைந்த ஆய்வேட்டில் வேலை செய்யும்போது கண் களைத்துவிடும். அட்டவணை அதிகமுள்ள கோப்புகளில் மட்டும் அதைப் பிடித்து இழுத்து ஸ்டாண்டர்டு டூல்பாரின் வலது பக்கம், காலியாகக் கிடக்கும் இடத்தில் ஒட்டிவிடுகிறேன். வந்தாலும் போனாலும் வரி குதிக்காது.

இப்படி ஒரே வரிசையில் இரண்டை ஒட்டுவதில் கவனம் வேண்டும். என் சித்தப்பா மகன் பள்ளி ஆசிரியர். ஒருநாள் ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டான்.

"அண்ணே, ஃபாண்ட் மாத்துற வரிசையே காணோம்ணே. காலைல கொஸ்டின் பேப்பர் கொடுக்கணும்."

"வியூல டூல்பார்ஸ் போ தம்பி. ஃபார்மேட்டிங்ல டிக் இருக்கா?"

"டிக் இருக்கு. ஆனா மேல இல்லையே."

திரையை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். முதல் வரிசையின் வலது கோடியில் இரண்டு சின்ன அம்புக்குறிகள் தெரிந்தன. இழுபட்டுப் போன ஃபார்மேட்டிங் டூல்பார் அங்கே, ஸ்டாண்டர்டு டூல்பாரின் வாலில் நசுங்கிக் கிடந்தது. அதன் இடது முனையில் புள்ளி புள்ளியாக ஒரு கைப்பிடி இருக்கும். அதைப் பிடித்துக் கீழே இழுக்கச் சொன்னேன். "வந்துருச்சுண்ணே!" என்றான். அப்புறம் வலது கிளிக் செய்து லாக் டூல்பார் பொசிஷன் போடச் சொன்னேன். அதைப் போட்டுவிட்டால் அந்தக் கைப்பிடியே மறைந்துவிடும், தவறுதலாக இழுபடாது. என் கணினியிலும் எல்லாம் பூட்டித்தான் வைத்திருக்கிறேன்.

அடுக்கி முடித்த பிறகு செய்ய வேண்டிய ஒன்று உண்டு. பேனல்களின் இடம், மெலிந்த டூல்பார், விசைகள் எல்லாமே யூசர் புரொஃபைல் என்ற ஒரு ஃபோல்டரில் இருக்கின்றன. விண்டோஸில் ஆப்டேட்டா ரோமிங்குக்குள் லிப்ரேஆபீஸ், அதற்குள் 4, அதற்குள் யூசர். பதிப்பு எண் 2024லிருந்து 24.2 என்று வருடக் கணக்குக்கு மாறிய பிறகும் இந்த ஃபோல்டர் பெயர் 4தான். 2019ல் ஹார்டு டிஸ்க் மாற்றியபோது புத்தகக் கோப்புகளை மட்டும் பத்திரமாக எடுத்துவைத்தேன், இதை எடுக்கவில்லை. மூன்று வருடம் சேர்த்த விசைகள் போய்விட்டன. கை 'கவிதை வரி'க்கான விசையை அழுத்தும், ஒன்றும் நடக்காது. பழையபடி ஆக இரண்டு வாரம் பிடித்தது. இப்போது மாதம் ஒருமுறை, ரைட்டரை மூடிவிட்டு, அந்த ஃபோல்டரைப் பென்டிரைவில் எடுத்துக்கொள்கிறேன். புது லேப்டாப்பில் அதை அதே இடத்தில் வைத்துத் திறந்தபோது, இடதில் நேவிகேட்டர், வலதில் ஸ்டைல், மேலே நாலு பட்டன். அன்றைக்கே வேலையைத் தொடர முடிந்தது.

எல்லாம் குழம்பிப்போய் எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியாதவர்கள் ஹெல்ப் மெனுவில் சேஃப் மோடு வழியாகப் போய், அமைப்புகளையும் இடைமுக மாற்றங்களையும் பழைய நிலைக்குத் திருப்பலாம். ஆவணங்களுக்கு ஒன்றும் ஆகாது.

தம்பியின் கணினியைப் போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது நேரிலேயே அடுக்கிக் கொடுத்தேன். என் அமைப்பையே போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அவனுக்கு நேவிகேட்டர் தேவையில்லை, இரண்டு பக்கக் கேள்வித்தாளில் தலைப்பு எங்கே? அவனுக்கு வேண்டியது கணிதச் சமன்பாடு, படம், அட்டவணை. அந்த மூன்றுக்கும் ஸ்டாண்டர்டு டூல்பாரில் பட்டன் வைத்து, ஃபாண்ட் பெட்டி இருக்கும் வரிசையை அப்படியே விட்டுவிட்டேன். வலது பக்கம் சைடுபாரை டேப் பட்டன்கள் மட்டும் தெரியும்படி சுருக்கி வைத்தோம். கிளம்பும்போது, பள்ளிக்கூடத்துக் கணினியிலும் இதே மாதிரி வேண்டும் என்றான். அவனுடைய யூசர் ஃபோல்டரைப் பென்டிரைவில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.