12 ஆண்டு பெல்ட்டும் 2,000 முறை கொக்கியும்: பழைய கிளைடரோடு ஒன்பது ஆண்டுகள்

கொக்கி நேற்று மதியம் தபாலில் வந்து சேர்ந்தது. செருப்புப் பெட்டி அளவுக்கு ஓர் அட்டைப்பெட்டி, உள்ளே எண்ணெய்த் தாள், அதற்குள் எஞ்சின் இல்லாத எங்கள் அஸ்டிர் கிளைடரின் வயிற்றிலிருந்து பிப்ரவரியில் கழற்றிப் பழுதுபார்க்க அனுப்பிய கொக்கி, டோஸ்ட் நிறுவனம் செய்தது, இழுத்து ஏற்றும் கேபிளை மாட்டுவது. மூன்று வாரத்தில் கிடைக்கும் என்றார்கள். ஒன்பது வாரம் ஆனது. அதில் ஆறு வாரம் அது இடைத்தரகுப் பட்டறையின் அலமாரியில் சும்மா உட்கார்ந்திருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. ஏப்ரலில் இங்கே, தெற்கு ஜெர்மனியின் ஷ்வேபிஷ் ஆல்ப் மேட்டில், மேகம் பருத்திப் பொதி மாதிரி வரிசைகட்டி நிற்கும். விமானத்தைச் சேர்ந்து வைத்திருக்கும் நாங்கள் மூன்று பங்காளிகளும் தரையில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

நேற்று இரவே நெதர்லாந்திலிருந்து தெரிந்த தம்பி ஒருவர் செய்தி அனுப்பினார். "அண்ணா, இங்க ஒரு பழைய அஸ்டிர் விலைக்கு வருது. கிளப்ல வேண்டாம்னு சொல்றாங்க. நீங்க ரொம்ப நாளா வெச்சிருக்கீங்களே, வாங்கலாமா?" அவருக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுவிட்டது. சரி, எல்லாருக்குமே சொல்லிவிடலாம்.

எப்படிப் பறக்கும் என்று கேட்டிருந்தால் இரண்டு வரியில் முடித்திருப்பேன். குரோப் நிறுவனம் 1970-களில் ஐந்நூறுக்கும் மேல் செய்து தள்ளிய 15 மீட்டர் ஒற்றை இருக்கைக் கிளைடர். கனமானது, சாது, வேகம் குறைந்து இறக்கை தாங்குவிசையை இழக்கும் ஸ்டாலுக்குப் போகும்போதுகூட முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் மூக்கைத் தாழ்த்தும். மற்றதெல்லாம் தேடினால் கிடைக்கும். விளம்பரத்தில் யாரும் எழுதாத விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த விமானம் உங்களிடம் பெட்ரோல் கேட்காது, தேதி கேட்கும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இருக்கை பெல்ட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கோபம் வந்துவிடும்.

தரையிலிருந்து கேபிளால் இழுத்து ஏற்றும் இயந்திரம்தான் வின்ச்; அதில் ஏறுகிறவர்களுக்குத் தெரியும், உயிர் அந்தக் கொக்கியில்தான் இருக்கிறது. கேபிளின் முனையில் இரண்டு எஃகு வளையங்கள். சின்ன வளையம் கொக்கிக்குள் போகும். வின்ச் இழுக்க, மூக்கு நாற்பது நாற்பத்தைந்து டிகிரிக்கு நிமிரும். பயந்தவருக்கு ராக்கெட், பழகியவருக்கு ராட்டினம். மேலே போனதும் மஞ்சள் கைப்பிடியை இழுத்தால் கேபிள் கழன்றுவிடும். நாம் மறந்தாலும், கேபிள் பின்பக்கமாக இழுக்கத் தொடங்கும்போது கொக்கியைச் சுற்றியுள்ள கூண்டு சாய்ந்து தானாகவே வளையத்தை விட்டுவிடும். தானாக விடவும் வேண்டும், விடக்கூடாத நேரத்தில் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். இரண்டையும் செய்வது சில ஸ்பிரிங்குகளும் ஒரு நெம்புகோலும். அஸ்டிரில் இது சக்கரத்துக்கு முன்னால், வயிற்றில் இருக்கிறது. வயலில் இறங்கினால் புல்லும் மண்ணும் நேராக அதன் வாயில்தான்.

இதற்கு விதித்திருக்கும் கணக்கு 2,000 ஏற்றம். அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது. நாமே பிரித்துப் பார்க்கவும் அனுமதி இல்லை. வெளியே துடைக்கலாம், எண்ணெய் தெளிக்கலாம், அவ்வளவுதான். கழற்றி, தயாரிப்பாளரிடமோ அங்கீகாரம் பெற்ற பட்டறைக்கோ அனுப்ப வேண்டும். எங்கள் லாக்புக்கில் கடைசியாகக் கொக்கி பழுதுபார்த்த பதிவு 3,012-ஆவது ஏற்றத்தில். பிப்ரவரியில் எண்ணிக்கை 4,998. பதினான்கு பாக்கி. பயிற்சிக்கு ஓடும் கிளப் இரட்டை இருக்கை என்றால் இரண்டாயிரத்தை இரண்டு மூன்று சீசனில் தின்றுவிடும். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஆண்டுக்கு எழுபது ஏற்றம் போவதே பெரிது. ஆகவே அடுத்த முறை இந்தக் கொக்கி கழன்று தபாலில் போகும்போது நான் இருப்பேனா என்பது வேறு கேள்வி.

இந்தக் கணக்கை நான் குறை சொல்ல மாட்டேன். பயன்படுத்தினால் தேய்கிறது, தேய்ந்ததை எண்ணுகிறார்கள், எண்ணியது முடிந்தால் மாற்றுகிறார்கள். நேற்று மாலை மாட்டியதும் வளையத்தைச் செருகிப் பார்த்தேன். "டக்". முன்பு அது "ட்..ரக்" என்று இரண்டு அசையாக இருக்கும், இத்தனை ஆண்டும் அதுதான் அதன் இயல்பான சத்தம் என்று நினைத்திருந்தேன். கைப்பிடியும் முன்பு கிணற்றில் வாளி இழுப்பது மாதிரி கொஞ்சம் முரண்டு பிடிக்கும். இப்போது இரண்டு விரல் போதும். காக்பிட்டில் தனியாக உட்கார்ந்து இருபது முறையாவது இழுத்து விட்டிருப்பேன். வளையத்தைச் செருகிக் கொடுத்துக்கொண்டிருந்த பங்காளி, "அதையும் லாக்புக்கில் எழுதட்டுமா?" என்று கேட்ட பிறகுதான் நிறுத்தினேன்.

இப்போது பெல்ட்.

எங்கள் நான்கு முனை பெல்ட்டின் ஆயுள் 12 ஆண்டு. பறந்தாலும் சரி, ட்ரெய்லருக்குள் தூங்கினாலும் சரி. எண்ணுவது மாட்டிய நாளிலிருந்து அல்ல, தயாரித்த நாளிலிருந்து. 2024 மார்ச்சில் பழைய பெல்ட்டின் கெடு முடிந்தது. ஆண்டுச் சோதனைக்கு வந்த எங்கள் ஆய்வாளர் எழுபதைத் தாண்டியவர். வின்ச் கேபிள் எஃகாக இருந்த காலத்திலிருந்து பறப்பவர். லேபிளை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிட்டார்.

"ஒரு நூல்கூடப் பிரியவில்லையே, கொஞ்சம் பாருங்கள்" என்றேன்.

"பெல்ட் நன்றாக இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. தேதி என்ன என்று கேட்டேன்."

வாதாட இடம் இருப்பதாக நினைத்தோம். 2020 மார்ச்சிலிருந்து ஐரோப்பாவில் எங்களைப் போன்ற சிறிய விமானங்களுக்குப் பார்ட்-எம்எல் விதிகள். பராமரிப்புத் திட்டத்தை உரிமையாளரே எழுதி, பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடலாம். தயாரிப்பாளர் சொல்வதில் வெறும் பரிந்துரையாக இருப்பதைக் காரணத்தோடு தள்ளிவைக்கலாம். தள்ள முடியாதவற்றில் முக்கியமானவை இரண்டு: ஏடி எனப்படும் கட்டாய உத்தரவு, அப்புறம் ஆவணத்தில் பறப்புத்தகுதி வரம்பு என்று குறித்திருப்பவை. இங்கேதான் எங்கள் மூவரில் ஒருவர், பள்ளி ஆசிரியர், பெல்ட்டின் கையேட்டை வரிவரியாகப் படித்துவந்து, "12 ஆண்டு என்பது பரிந்துரைதான்" என்று நிரூபிக்கப் பார்த்தார். ஆய்வாளர் அமைதியாக அவர் கையிலிருந்த தாளைத் திருப்பி, மேலே இருந்த தலைப்பைச் சுட்டிக்காட்டினார். வரம்பு. ஆசிரியர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சரி, வாங்கினோம். தபால் செலவோடு 400 யூரோவை நெருங்கியது. பெட்டியைத் திறந்தால், லேபிளில் ஏப்ரல் 2023. அதாவது பதினோரு மாதம் கடை அலமாரியிலேயே போய்விட்டது! 12 ஆண்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு பதினொன்றைக் கொடுத்திருக்கிறார்கள். பழைய பாலை விற்கிறவன்கூடத் தேதியைக் காட்டி விலையைக் குறைப்பான். விற்றவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "புதிதாகச் செய்து தருகிறோம், பத்து வாரம் ஆகும்" என்றார். ஏப்ரல் வந்துகொண்டிருந்தது. வைத்துக்கொண்டேன். கணக்குப் போட்டால் போனது முப்பது யூரோ. அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஓராண்டுக்கும் மேலாக, ஒவ்வொரு முறை பக்கிளைப் பூட்டும்போதும் அந்த லேபிள் கண்ணில் படுகிறது, ஏப்ரல் 2023, எனக்குள் ஏதோ சுருக்கென்கிறது. முந்நூறு கிலோமீட்டர் போய்விட்டு வந்த நாளில்கூட.

பழைய பெல்ட்டை வைத்து ஒரு காரியம் செய்தேன். ஹேங்கர் விட்டத்தில் கட்டி, கிளப்பின் கனத்த ஆட்கள் மூன்று பேரைத் தொங்கவிட்டேன். முனகக்கூட இல்லை. "பார்த்தீர்களா?" என்று ஆய்வாளரிடம் படத்தைக் காட்டினேன். அவர் பெல்ட்டையே கொண்டுவரச் சொன்னார். தோள்பட்டையில், சரிசெய்யும் பக்கிளின் பல் கடிக்கும் இடத்தைப் பிரித்து இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பக்கிளுக்கு அடியில் மறைந்திருந்த நான்கு விரற்கடை கருநீலமாக இருந்தது. வெயில் பட்ட பகுதி, துவைத்துத் துவைத்து வெளுத்த பள்ளிச் சீருடை நிறம். இத்தனை ஆண்டும் நான் அதைக் கருநீலம் என்றே நினைத்திருக்கிறேன். பாலியஸ்டர் நூலை வெயில் மெல்ல மெல்லத் தின்னும். மூன்று பேர் மெதுவாகத் தொங்குவதும், எண்பது கிலோ ஆள் வயலில் மோதி ஒரு நொடிக்குள் முன்னால் பாய்வதும் ஒன்றல்ல. இதை அவர் விளக்கவில்லை, எனக்கே தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அதுதான் இன்னும் எரிச்சல்.

அப்போதும் கேட்பேன்: வெயில்தான் காரணம் என்றால், கடை அலமாரியின் இருட்டில் கிடந்த பதினோரு மாதத்துக்கு ஏன் கணக்கு?

மற்ற பாகங்களைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். இறக்கை மாட்டும்போது கட்டுப்பாட்டுக் கம்பிகளை இணைக்கும் லோத்தெலியே மூட்டுகள்: ஒரு பந்து, அதைக் கவ்வும் கிண்ணம், பூட்ட ஒரு சின்ன நாக்கு. சரியாகப் பூட்டாமல் பறந்து, மேலே போனதும் ஐலரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல்) கழன்ற விபத்துகள் நடந்திருக்கின்றன. அதனால் இதற்குப் பாதுகாப்பு ஊசி கட்டாயம். அல்லது, ஊசி இல்லாமலே பூட்டைப் பிடித்துவைக்கும் வேடெகிண்ட் உறை. நாங்கள் உறைக்கு மாறிவிட்டோம். முதுகில் இருக்கும் குறுகலான ஓட்டைக்குள் கையை விட்டு, பார்க்காமலே ஓர் ஊசியைச் செருகும் சர்க்கஸ் ஒழிந்தது. கட்டாயமாக்கியவற்றில் மனதாரப் பாராட்டக்கூடியது இது ஒன்றுதான், கொக்கியையும் சேர்த்தால் இரண்டு. இழுவிசை அளவு மீறினால் முதலில் முறிவதற்கென்றே கேபிளில் வைத்திருக்கும் உடையும் துண்டு கிளப்பின் கவலை: நீலம் என்றால் 600 டெக்காநியூட்டன் (ஏறக்குறைய 600 கிலோ எடை), வெள்ளை என்றால் 500, நிறம் பார்த்து மாட்டினால் போதும். பாராசூட்டுக்கும் தேதி உண்டு. அதைப் பற்றி நான் வாயே திறக்க மாட்டேன். அதில் மட்டும் தேதி தாண்டுவதற்கு முன்பே நானாக ஓடிப்போய்க் கொடுத்துவிடுவேன்.

"இதெல்லாம் வியாபாரம்" என்று கிளப்பில் சிலர் பேசும்போது நானும் சேர்ந்து தலையாட்டுவேன். அப்புறம் பக்கத்துக் கிளப்பின் ட்ரெய்லரில் நிற்கும் பிளானிக் எல்-13 என்ற பழைய உலோகக் கிளைடர் நினைவுக்கு வரும். 2010 ஜூன் 12 அன்று ஆஸ்திரியாவில் ஒரு பிளானிக்கின் இறக்கை பறக்கும்போதே முறிந்து இருவர் இறந்தார்கள். உலோகச் சோர்வு. அந்த ஆண்டே உலகெங்கும் அந்த வகையைத் தரையிறக்கினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேல் செய்யப்பட்டு, தலைமுறை தலைமுறையாகப் பலருக்கும் முதல் பறப்பைக் கற்றுக்கொடுத்த கிளைடர் அது. மீண்டும் பறக்கவைக்க மாற்றுவழி வந்தது. ஆனால் இறக்கையின் முதுகெலும்பைச் சீர்செய்யும் செலவு பல இடங்களில் விமானத்தின் விலையைவிட அதிகம். அந்த ட்ரெய்லரின் டயர்கள் இப்போது மண்ணில் புதைந்திருக்கின்றன. எங்கள் அஸ்டிர் கண்ணாடியிழை. அதற்கும் 3,000 மணி நேரத்தில் பெரிய சோதனை, தேறினால் மேலும் மணி நேரம் தருவார்கள். முப்பது யூரோவுக்குப் புலம்புகிறவன் அந்த ட்ரெய்லரைக் கடந்து போகும்போது கொஞ்சம் வேகமாக நடப்பது வழக்கம்.

தம்பி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒன்பது ஆண்டில் கட்டாய மாற்றங்களுக்கு நாங்கள் மூவரும் கொடுத்தது, ஆளுக்கு என்று பார்த்தால், என் காருக்கு ஒரு முறை நான்கு டயர் போட்ட செலவைவிடக் குறைவு. விமானம் ஒரு நாள்கூட என்னைப் பயமுறுத்தியதில்லை. கொக்கி இப்போது புதிதாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வெயில் என்கிறார்கள். ஆனாலும் வாங்காதீர்கள். இன்று எனக்கு அப்படித்தான் சொல்லத் தோன்றுகிறது. தனியாக வாங்கினால் அந்த லேபிளைத் திட்டுவதற்குப் பங்காளிகூட இருக்க மாட்டான். அடுத்த மாதம் கேட்டால் வேறு சொல்வேனோ என்னவோ.

எப்படியும் போய்ப் பார்க்கத்தான் போகிறீர்கள். டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் லாக்புக்கில் கொக்கி கடைசியாகப் பழுதுபார்த்த பதிவு எந்த எண்ணில் என்று கேளுங்கள். "போன சொந்தக்காரர் செய்திருப்பார்" என்றால் செய்யவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பெல்ட். மேலே இழுத்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். எங்களுடையதில் லேபிள் இடுப்புப் பட்டையின் உள்பக்கத்தில் தைத்திருக்கிறது. இருக்கையில் உட்கார்ந்து, இடது கையால் பட்டையைத் திருப்பினால்தான் தெரியும்.