‘தெரிஞ்ச அண்ணன்தானே’ என்று பாஸ்போட்டைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களிலும் இருப்பவர்களுக்காகத்தான் இதை முதலில் எழுதுகிறேன். அறுபடை வீடு, நவகிரகம், ராமேஸ்வரம் என்று ஆள் சேர்த்துக்கொண்டு யாராவது உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால், காசு கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். வீட்டில் வயசானவர்கள் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள். ஏனென்றால் ஏமாற்றப்படுவது அவர்களுடைய காசு மட்டும் இல்லை.

எங்கள் அம்மாவுக்கு 71 வயது. சின்னம்மா அம்மாவுக்கு இரண்டு வயது இளையவர். இரண்டு பேரும் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவித்தான் எங்களை ஆளாக்கினார்கள். தாத்தா கப்பலேறி வந்த ஊரை ஒரு தடவையாவது மிதிக்க வேண்டும், முருகனின் ஆறு வீட்டிலும் கும்பிட வேண்டும் என்று எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஏற்பாடு செய்தவர் பெயரை இங்கே போடவில்லை, வழக்கு போட்டிருக்கிறோம். பக்கத்துத் தாமான்காரர், அதாவது பக்கத்துக் குடியிருப்பு. கோயில் திருவிழாவில் பந்தி பரிமாறுகிறவர். எல்லாருக்கும் ‘அண்ணன்’. தலைக்கு 3,400 வெள்ளி (ரிங்கிட்), மாதம் 340 வீதம் பத்து மாதம் கட்டினால் போதும் என்றார். கூட்டு (சீட்டு) போட்டுப் பழகிய ஜனங்களுக்கு இது சுலபமாகத் தெரிந்தது. 17 பேர் சேர்ந்துவிட்டார்கள்.

சேர்ந்து காசு போடுவது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. இந்த ஊரில் பிறந்த மலேசிய இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத்து மக்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டித்தான் தோட்டங்களையே வாங்கினார்கள். எங்கள் தாத்தாவும் கட்டியிருக்கிறார். அதற்குக் கணக்குப் புத்தகம் இருந்தது. நாங்கள் கட்டிய காசுக்கு வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படம் ஒன்றுதான் வந்தது. பணம் போன பேங்க் கணக்கும் அவர் பெயரில் இல்லை, வேறு ஒரு பெண் பெயரில் இருந்தது. அதை முதல் மாதமே பார்த்தேன். கேட்டால் அண்ணன் மனசு சங்கடப்படுமே என்று விட்டுவிட்டேன்.

பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே விசாவுக்கென்று பாஸ்போட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார். விசா வந்துவிட்டதா என்று கேட்டபோதெல்லாம் “வந்துரும்மா, கவலைப்படாதீங்க” என்பார். வேன் ராத்திரி பத்து மணிக்கு ஊரை விட்டுக் கிளம்பியது. கோலாலம்பூர் விமான நிலையத்தின் (கே.எல்.ஐ.ஏ.) இரண்டாவது டெர்மினலில் இறங்கிய பிறகுதான் பிளாஸ்டிக் கோப்பிலிருந்து ஒவ்வொருவருக்கும் பாஸ்போட்டையும் விசாத் தாளையும் எடுத்துக் கொடுத்தார்.

கவுண்டரில் அம்மாவுக்கும் எனக்கும் போர்டிங் பாஸ் வந்துவிட்டது. சின்னம்மாவின் தாளை அந்த மலாய்ப் பெண் திரும்பத் திரும்பப் பார்த்தார். பாஸ்போட்டைப் பக்கத்தில் வைத்து விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக்கொண்டே போனார். கடைசியிலிருந்து மூன்றாவது எண்ணில் விரல் நின்றது. பாஸ்போட்டில் 8, விசாவில் 3. “நோம்போர் தாக் சாமா, மக்சிக்” (எண் ஒத்துப்போகவில்லை, அம்மா) என்றார், மெதுவாக. அவர் மேல் குற்றமில்லை. இந்தியாவின் இ-விசாவில் பாஸ்போட் எண் தப்பாகிவிட்டால் அந்த இடத்தில் திருத்த வழியே கிடையாது, புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அண்ணனைத் தேடினேன். மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டிருந்தார். போனை எடுக்கவில்லை.

அம்மா, நானும் போகவில்லை என்று உட்கார்ந்துவிட்டார். சின்னம்மாதான் கேட்கவில்லை. “நீ போக்கா, நீ பாத்தா நான் பாத்த மாதிரி” என்று சொல்லி, இடுப்பிலிருந்து மஞ்சள் துணி முடிச்சுகளை எடுத்து அம்மா கையில் வைத்தார். ஒரு வீட்டுக்கு ஒன்று, ஆறு முடிச்சு, காணிக்கைக் காசு. வழியனுப்ப வந்திருந்த என் தம்பியோடு விடியற்காலையில் ஊருக்குத் திரும்பினார். காரில் வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை என்று தம்பி சொன்னான்.

அங்கே போன பிறகு நடந்ததை எல்லாம் எழுதினால் இன்றைக்கு முடியாது. 12 பேர் உட்காரும் வேனில் 16 பேர். சொன்ன ஹோட்டல் வேறு, தங்க வைத்த இடம் வேறு. இவை கூடப் பரவாயில்லை. திருப்பரங்குன்றம் போகவேண்டிய நாளில், காலையில் எங்களை ஒரு ஜவுளிக்கடையில் இறக்கி இரண்டு மணி நேரம் காக்க வைத்தார். கோயில் வாசலுக்குப் போனபோது மணி ஒன்றேகால். நடை சாத்திவிட்டார்கள், இனி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். ராத்திரிக்குள் திருச்செந்தூர் போய்ச் சேர வேண்டும், காத்திருக்க முடியாது என்று வேனைக் கிளப்பச் சொல்லிவிட்டார். அம்மா மூடிய கதவுக்கு முன்னால் படியில் கையை வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் அழுதுவிட்டேன். “பரவால்ல பிள்ள, சாமிக்கும் சாப்பாட்டு நேரந்தான” என்று என்னைத் தேற்றினார். திருத்தணிக்குப் போகவே இல்லை, நேரமில்லையாம். ஆறு முடிச்சில் இரண்டு எங்களோடு திரும்பி வந்து சாமி மேடையில் இருக்கின்றன.

திருத்தணி விட்டுப்போகும் என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். திருச்சியில் இறங்கி திருச்சியிலேயே விமானம் ஏறும் ஐந்து நாள் பயணத்தில், முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே, சென்னைப் பக்கம் இருக்கும் கோயிலை எப்படிச் சேர்ப்பது? அவர் கொடுத்த அட்டவணையைப் போன் மேப்பில் ஒரு தடவை போட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆகவே யார் கூட்டிப்போனாலும் நீங்களே மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். மதுரையில் மூன்று இரவு தங்கினால் திருப்பரங்குன்றமும் பழமுதிர்சோலையும் பக்கத்திலேயே இருக்கின்றன, பழனிக்குப் போய்வர ஒரு பகல். சுவாமிமலை கும்பகோணத்தை ஒட்டியது, அதற்குத் திருச்சியிலிருந்து போகலாம். திருத்தணிக்கு, சென்னையில் இறங்குகிற அல்லது ஏறுகிற மாதிரி டிக்கெட் எடுத்தால்தான் சரிப்படும். பெரியவர்களை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஒரு பெரிய கோயிலுக்கு மேல் வைக்காதீர்கள். பல கோயில்களில் மதியம் நடை சாத்துவார்கள் என்பதை வைத்துத்தான் புறப்படும் நேரத்தைக் குறிக்க வேண்டும். முட்டி வலி உள்ளவர்களுக்குப் பழனியின் 693 படி ஆகாது. விஞ்ச் இருக்கிறது, ரோப் கார் இருக்கிறது. ஆனால் ரோப் காரை வருஷத்தில் சில வாரம் பராமரிப்புக்கு நிறுத்துவார்கள், போகும் மாதத்தில் ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். 1992-ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டப்படி, பயண ஏற்பாட்டுத் தொழில் செய்ய மோத்தாக் எனப்படும் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் வேண்டும். வெளிநாட்டுக்கு ஆள் கூட்டிப் போவதற்கென்றே தனி வகை அனுமதி உண்டு. உரிம எண்ணைக் கேளுங்கள், அமைச்சின் இணையப் பக்கத்தில் தேடிப் பாருங்கள். எங்கள் ‘அண்ணனுக்கு’ அப்படி ஒன்றும் இல்லை என்பதைத் திரும்பி வந்த பிறகு, பார்க்க வேண்டிய காலம் எல்லாம் கடந்த பிறகுதான் பார்த்தேன். பணத்தைக் கம்பெனி கணக்கில் மட்டும் போடுங்கள், ரிசிட் வாங்குங்கள். போலிசின் ‘செமாக் மியூல்’ (Semak Mule) இணையப் பக்கத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டினால், அதன் மேல் ஏற்கெனவே புகார் இருக்கிறதா என்று காட்டும். பணத்தை மாற்றிய கையோடு மோசடி என்று தெரிந்தால், மோசடிப் புகாருக்கான தேசிய மையத்தின் 997 எண்ணுக்கு உடனே போன் அடியுங்கள், தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்.

டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று சொன்னால் புக்கிங் எண்ணைக் கேட்டு வாங்கி, விமான நிறுவனத்தின் பக்கத்தில் நீங்களே திறந்து பாருங்கள். நம்மவர்கள் பெயரில் வரும் ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) பெரிய தொல்லை. டிக்கெட்டில் அந்தச் சாய்கோடு ஏறாது. அப்பா பெயர் எங்கே போயிற்று, எழுத்து விட்டுப்போயிற்றா என்று பாஸ்போட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த டெர்மினல் என்றும் பாருங்கள், இரண்டும் நடந்து போகிற தூரத்தில் இல்லை.

விசாவை இந்திய அரசாங்கத்தின் பக்கத்தில் மட்டும் போடுங்கள், முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடியும். பார்க்க அதே மாதிரி போலிப் பக்கங்கள் நிறைய இருக்கின்றன. குறைந்தது நாலு நாள் முன்னால் என்பது அவர்கள் வைத்த கணக்கு, ஆனால் தப்பு வந்தால் மறுபடி போட நேரம் வேண்டும், மூன்று வாரமாவது வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போட் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும். அந்தப் பாஸ்போட்டை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். வேண்டுமானால் போட்டோகாப்பி கொடுங்கள். விசா வந்த அன்றே தாளைக் கையில் வாங்கிவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சும்மா இருக்க வேண்டாம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில், மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா, ஐந்து வெள்ளி கட்டிப் புகார் பதியலாம். 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை, மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். பேங்க் சிலிப்பு, வாட்ஸ்அப் பேச்சு, அவர் கொடுத்த அட்டவணை எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொண்டுபோனேன். எங்களோடு வந்தவர்களில் ஒன்பது பேர் தனித்தனியாகப் போட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் ‘கோயில்ல முகம் பாக்கணுமே’ என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை, நானும் பத்து மாதம் அப்படித்தான் இருந்தேன்.

போன வாரம் சின்னம்மாவுக்கு மறுபடி விசா போட்டோம், இந்தத் தடவை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். சின்னம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் முப்பது வருஷம் தோட்டத்து ரப்பர்ப் பால் ஸ்டோரில் தன் எடைச் சீட்டை நின்று சரிபார்த்து வாங்கியவர், எண் தப்பாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான் தட்டி முடித்ததும் என்னை நகரச் சொல்லி, பாஸ்போட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்து, எட்டு எண்ணையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சத்தமாகச் சொன்னார். பிறகு கேட்டார்: “அந்தத் தாள அன்னைக்கே எங்கிட்ட காட்டியிருந்தா நான் சொல்லியிருப்பேனேம்மா?”