பிளான்டேசியா: தொட்டிச் செடிகளுக்காக வாசிக்கப்பட்ட சிந்தசைசர்

வீட்டுக்குள் வளரும் செடிகளுக்கும் அவற்றை நேசிக்கும் மனிதர்களுக்கும் ஆன இசை என்று உறையிலேயே அறிவித்துக்கொள்ளும் ஓர் இசைத்தட்டை, யாராக இருந்தாலும் பாதிச் சிரிப்போடுதான் கையில் எடுப்பார்கள். மார்ட் கார்சன் 1976-இல் வெளியிட்ட ‘மதர் எர்த்ஸ் பிளான்டேசியா’ அத்தகையது. மனிதக் குரலோ சொற்களோ இல்லாத பத்து உருப்படிகளும், மின்சுற்றுகளால் ஒலியை எழுப்பும் மோக் அனலாக் சிந்தசைசரில் உருவானவை. மொத்தம் சுமார் 30 நிமிடங்கள். நெடுங்காலம் பழைய தட்டுகளைத் தேடி அலைபவர்களுக்கு மட்டுமே அகப்பட்டு வந்த இதனை, 2019-இல் சேக்ரட் போன்ஸ் நிறுவனம் முறைப்படி மறுவெளியீடு செய்தது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செடி என்ற விசித்திரக் கருப்பொருளை மறந்துவிட்டுக் கேட்டாலும் இந்த இசை தன் காலில் நிற்கிறது, ஆனால் அந்தக் கருப்பொருள் மட்டும் இல்லாதிருந்தால் இது இவ்வளவு நன்றாக அமைந்திருக்காது.

இது விற்பனைக்கு வந்த விதமே விசித்திரமானது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் இயங்கிவந்த ‘மதர் எர்த்’ என்ற செடிக் கடையில் செடி வாங்கினால் இந்தத் தட்டு கூடவே கிடைத்தது. சியர்ஸ் கடைகளில் சிம்மன்ஸ் மெத்தை வாங்கியவர்களுக்கும் தரப்பட்டது. செடி பராமரிப்புக் குறிப்புகள் அடங்கிய சிறு கையேடு ஒன்றும் உள்ளே இருந்தது. மெத்தைக்கு இலவச இணைப்பாக வந்த இசைக்கு அன்று எந்த மரியாதை கிடைத்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. பல ஆண்டுகள் கழித்து இணையத்தில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவியே இது தனக்கான கேட்போரைச் சேர்த்துக்கொண்டது.

கார்சனை வெறும் வேடிக்கைக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. 1924-இல் கனடாவில் பிறந்து, நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் பயின்று, ஜனரஞ்சகப் பாடல்களுக்கு மெட்டமைப்பவராகவும் இசைக்கோர்ப்பாளராகவும் நிலைபெற்றவர் அவர். 1963-இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த ‘அவர் டே வில் கம்’ பாடலின் மெட்டு அவருடையது. ராபர்ட் மோக்கின் கருவி அறிமுகமான பிறகு அவர் எடுத்துக்கொண்ட கருப்பொருள்களின் வரிசையைப் பார்த்தால் திகைப்பே மிஞ்சும். 1967-இல் பன்னிரண்டு ராசிகளுக்கும் ஒவ்வோர் உருப்படி வீதம் ஒரு தட்டு. பின்னர் அதுவும் போதாதென்று ராசி ஒன்றுக்கு ஒரு தனித் தட்டு. 1971-இல் ‘லூசிஃபர்’ என்ற புனைபெயரில் சூனியச் சடங்குகளுக்கு ஓர் இசை. 1969-இல் அப்போலோ 11 நிலவில் இறங்கியதை ஒளிபரப்பிய சிபிஎஸ் தொலைக்காட்சியிலும் அவருடைய மோக் இசை ஒலித்தது. நிலவுக்கு வாசித்த கருவியை ஏழே ஆண்டுகளில் ஜன்னலோரத் தொட்டிக்கு வாசித்தவர் என்பதே எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த செய்தி.

அனலாக் சிந்தசைசர் மீது பித்துக்கொண்டவர்கள் இந்தத் தட்டைக் கொண்டாடுவதற்குக் கருப்பொருளைக் காட்டிலும் வலுவான காரணம் ஒன்று உண்டு. 1964-இல் வெளிப்பட்ட, தனித்தனிப் பகுதிகளால் ஆன மோக் மாடுலர் அமைப்பில் ஒலியின் ஒவ்வொரு பண்பையும் மின்னழுத்தமே ஆள்கிறது. ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி மேலே ஏறும். ஆசிலேட்டர் எழுப்பும் கரடுமுரடான அலையிலிருந்து உயர் அதிர்வெண்களை ஃபில்டர் சீவிக் கழிக்கிறது. ஒலி எவ்வளவு வேகமாக எழ வேண்டும், எவ்வளவு மெதுவாக அடங்க வேண்டும் என்பதை என்வலப் என்ற பகுதி தீர்மானிக்கிறது. இவற்றையெல்லாம் கம்பிகளால் ஒன்றோடொன்று இணைத்தால்தான் ஒரு நாதமே பிறக்கும். அந்தக் கம்பிகளைக் கழற்றிவிட்டால் நாதமும் போய்விடும். அதைச் சேமித்து வைக்கும் நினைவகம் கருவியில் கிடையாது. போதாக்குறைக்கு, அது ஒரு நேரத்தில் ஒரே சுரத்தை எழுப்பும் கருவி. ஆகவே இத்தட்டில் கருவியின் மூன்று நான்கு குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படர்வதைக் கேட்கும்போது, ஒவ்வொரு குரலும் தனித்தனியாக வாசிக்கப்பட்டு, நாடாவில் அடுக்கடுக்காகப் பதிவானது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1968-இல் சிந்தசைசர் கலைஞர் வென்டி கார்லோஸ், செவ்வியல் இசையமைப்பாளர் பாக்கின் படைப்புகளை இப்படித்தான் ஒவ்வொரு வரியாகக் கட்டினார். கார்சனின் அடுக்குகள் அந்த அளவுக்கு நெருக்கமானவை அல்ல. குரல்களுக்கு நடுவே அவர் தாராளமாகக் காற்று விட்டிருக்கிறார்.

அன்றைய ஆசிலேட்டர்கள் வெப்பநிலை மாறினால் சுருதியிலிருந்து மெல்ல நகர்ந்துவிடும். மேடையில் வாசிப்பவர்களுக்குத் தலைவலியாக இருந்த இந்தக் குணமே, பதிவுக்கூடத்தில் அடுக்கி வைக்கும்போது வரமாகிவிடுகிறது. ஏறக்குறைய ஒரே சுருதியில் நிற்கும் இரண்டு குரல்கள் ஒன்றையொன்று உரசி மெதுவாக அலையடிக்கும். அந்த அலைவே கேட்பவர்கள் ‘வெதுவெதுப்பு’ என்று சொல்லும் உணர்வில் பெரும்பங்கு. இத்தட்டின் நீண்ட சுரங்களைக் கவனித்துக் கேட்டால் அதைத் தெளிவாகப் பிரித்தறியலாம்.

முதல் பக்கத்தின் தலைப்பு உருப்படியே மொத்தத் தட்டின் சிகரம். கீழே படிப்படியாக ஏறியிறங்கும் சுரக்கோவை ஒன்று நடந்துகொண்டிருக்க, மேலே ஒற்றை மெட்டு சற்றே நடுங்கும் குரலில், எந்த அவசரமும் இல்லாமல் விரிகிறது. ஸ்பைடர் பிளான்டுக்கான ‘சிம்பொனி’ பெயரளவில் மட்டுமே பிரம்மாண்டம்; உண்மையில் அது தாலாட்டின் அளவே உள்ள சிறு உருப்படி, அதுவே அதன் அழகு. ஆப்பிரிக்க வயலட்டுக்கான துதிப்பாட்டு இத்தட்டிலேயே எளிமையான மெட்டு. நான் அடிக்கடி திரும்பிச் செல்வது அதற்குத்தான். ஃபிலோடென்ட்ரானையும், நாம் மணி பிளான்ட் என்று அழைக்கும் போத்தோஸையும் இணைத்து எழுதப்பட்ட உருப்படியில் லேசான சோகம் ஒன்று கலந்திருக்கிறது. வேடிக்கைக்காக மட்டும் இசையமைத்த ஒருவரால் அந்தச் சோகத்தை வரவழைத்திருக்க முடியாது.

இரண்டாம் பக்கத்தைப் பற்றி அதே உற்சாகத்தோடு பேச என்னால் இயலவில்லை. பிகோனியாவை யாரும் நடைக்கு அழைத்துச் செல்லத் தேவையில்லை என்று தலைப்பிலேயே குறும்பு செய்யும் உருப்படி துள்ளலாகத் தொடங்குகிறது. ஆனால் சிறிது நேரத்திலேயே விளம்பர இசையின் சாயல் அதில் ஏறிவிடுகிறது. பீஸ் லில்லிக்கான ‘ஸ்விங்’ உருப்படியிலும் இதே குறைதான்: ஜாஸ் தாளம் கேட்கும் நெகிழ்வைத் தனித்தனியாகப் பதிந்து ஒட்டிய இந்தக் குரல்களால் தர முடியவில்லை. மெய்டன்ஹேர் பெரணிக்கான மென்மையான உருப்படி வந்த பிறகே பக்கம் மீண்டும் மூச்சுவிடுகிறது. இறுதியாக வரும் ஸ்னேக் பிளான்ட் உருப்படி அந்த மென்மையைக் குலைக்காமல் முடித்துவைக்கிறது. ஒட்டுமொத்தமாக இனிப்பு சற்று தூக்கல் என்பதையும் மறுப்பதற்கில்லை. மோக் கருவிக்கு உறுமவும் சீறவும் தெரியும் என்பதை இத்தட்டை மட்டும் கேட்டவர்கள் அறியவே மாட்டார்கள்.

அப்படியென்றால் செடிகள் இந்த விஷயத்தில் என்னதான் செய்கின்றன? செடிகளுக்கு உணர்ச்சியும் ரசனையும் உண்டு என்ற நம்பிக்கை 1973-இல் வெளியான ‘தி சீக்ரெட் லைஃப் ஆஃப் பிளான்ட்ஸ்’ என்ற நூலின் வழியே அன்று பரவலாகியிருந்தது. தாவரவியலாளர்கள் அதை ஏற்கவில்லை. இந்த இசையைக் கேட்டு எந்தச் செடியும் தழைக்கும் என்று நானும் நம்பவில்லை. ஆனால் கைதட்டவோ நடனமாடவோ செய்யாத, எங்கும் ஓடிவிடாத ஒரு கேட்பவரை மனத்தில் வைத்து எழுதியதால், கார்சன் தன் திறமையைக் காட்ட வேண்டிய கட்டாயத்திலிருந்து விடுபட்டுவிட்டார் என்றே தோன்றுகிறது. அக்காலத்து சிந்தசைசர் தட்டுகள் பலவும் செவ்வியல் இசையைப் போலச் செய்து காட்டின, அல்லது விண்வெளியை நோக்கிப் பறந்தன. இதுவோ அறைக்குள்ளேயே நிறைவாக அமர்ந்துவிட்டது.

வாங்க எண்ணுபவர்களுக்கு இரண்டு குறிப்புகள். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் இதைக் கேட்காதீர்கள். ஃபில்டர் வழியே உருண்டு வரும் கீழ்ஸ்தாயிக் குரல் அதில் அடியோடு காணாமல் போய், மீதமிருப்பது பொம்மைக் கருவியின் கீச்சொலி போலக் கேட்கும். பத்தையும் ஒரே மூச்சில் கேட்பதைவிட முதல் பக்கத்தை மட்டும் மிதமான ஒலியளவில் ஓடவிட்டு, பிறிதொரு நாள் கடைசி இரண்டு உருப்படிகளுக்கு வருவது என் பரிந்துரை. அனலாக் கருவிகளுக்குப் புதியவர்கள் இத்தட்டிலிருந்து தொடங்கலாம். உறுமும் மோக்கைத் தேடுபவர்கள் ராக் இசைக் கலைஞர் கீத் எமர்சனிடம் போவது நல்லது.