டைமர் பூட்டு டப்பா: பூட்டு சரி, வைக்கிற இடம்?

போன் பார்ப்பதைக் குறைக்க வாங்கும் டப்பா இது. போனை உள்ளே போட்டு, மூடியில் இருக்கும் குமிழைத் திருகி நேரம் குறித்து அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். குறித்த நேரம் முடியும்வரை திறக்காது. மூடிக்குள் ஒரு குட்டி மோட்டார், தாழ்ப்பாள், பேட்டரி, அவ்வளவுதான். பூட்டும் வேலையில் குறை சொல்ல அதிகம் இல்லை. அப்படியும் சில வாரத்தில் டப்பா பரணுக்குப் போகிறது என்றால், பெரும்பாலும் அதை வைத்த இடம்தான் தப்பு.

2011இல் உளவியல் ஆய்வாளர்கள் டேவிட் நீல், வெண்டி வுட் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சினிமா பார்க்கையில் பாப்கார்ன் கொறித்தே பழகியவர்களுக்கு ஏழு நாள் பழசைக் கொடுத்தார்கள். தியேட்டரில், பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே புதியதற்கு இணையாகத் தின்றார்கள். மீட்டிங் அறையில் அப்படி நடக்கவில்லை. தியேட்டரிலேயே பழக்கமில்லாத கையால் சாப்பிடச் சொன்னபோதும் பழசைத் தின்பது குறைந்தது. பழகிய இடமும் பழகிய கையும்தான் பழக்கத்தை இழுத்துவருகின்றன. போனுக்கும் இதே கணக்குதான்: கண்ணில் படக்கூடாது, கைக்குச் சுலபமாக எட்டவும் கூடாது.

அதனால் கண்ணாடி மாதிரி தெரியும் டப்பாவை வாங்காதீர்கள். மெசேஜ் வரும்போதெல்லாம் திரை மின்னும், பூட்டியும் பயனில்லை. பிளாஸ்டிக் சிக்னலைத் தடுக்காது, வைப்ரேஷன் மேஜையையே அதிரவைக்கும். போனை முழு சைலன்ட்டில் போட்டு, டப்பாவை அடுத்த அறையில் வையுங்கள். அளவு பார்க்கும்போது போனை உறையோடு சேர்த்து அளக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன்னாலேயே ஒரு வேலை இருக்கிறது. அலாரம், கடிகாரம், டார்ச், கால்குலேட்டர், ஓடிபி என்று போனை எதற்கெல்லாம் எடுக்கிறீர்கள் என எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் மாற்று வேண்டும். தனி அலாரம் கடிகாரம் இல்லாத வீட்டில் போன் இரவில் தலைமாட்டுக்கே திரும்பிவிடும். லேப்டாப்பில் அதே ஆப் திறந்து கிடந்தால் பழக்கம் அங்கே குடிபெயரும், லாக் அவுட் செய்துவிடுங்கள்.

முதல் வாரம் 30 நிமிடம் போதும், தினமும் ஏதாவது ஒரு குறிப்பிட்ட வேலை முடிந்த கையோடு பூட்டுங்கள். பிறகு வாரத்துக்கு 15 நிமிடம் கூட்டலாம். எடுத்த எடுப்பில் நாலு மணி நேரம் வைத்தால், ஒரே ஒரு அவசர அழைப்பில் திட்டம் கவிழும். 21 நாளில் பழகிவிடும் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். உளவியல் ஆய்வாளர் பிலிப்பா லாலி குழு 96 பேரை 12 வாரம் கவனித்து, அதை வைத்து மதிப்பிட்ட கணக்கில், ஒரு செயல் பழக்கமாக ஆன காலம் 18 முதல் 254 நாள் வரை, நடுமதிப்பு 66. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பும் இல்லை.

அவசரத் திறப்பு சில மாடல்களில் உண்டு. சிலவற்றில் டப்பாவை உடைப்பதே வழி, ஆகவே வீட்டிலிருக்கும் ஒரே போனைப் பூட்டக்கூடாது. மருந்தையும் உள்ளே வைக்காதீர்கள். பூட்டியிருக்கும்போது பேட்டரி தீர்ந்தால் என்ன ஆகும் என்று கையேட்டில் முதலில் பாருங்கள். சூடு வெளியேறாது என்பதால் மூடிய டப்பாவுக்குள் சார்ஜ் போடுவதும் வேண்டாம்.

பணம் கொடுக்கும் முன் இரண்டு வாரம், மூடி போட்ட சாதாரண டப்பா ஒன்றை அடுத்த அறையில் வைத்துப் பாருங்கள். பலருக்கு அதுவே போதும். எழுந்து போய்த் திறந்து எடுக்கிறவர்களுக்குத்தான் இந்தப் பூட்டு.