மூக்கு கழுவும் பாட்டில்: சளி பிடித்தால் நான் முதலில் எடுப்பது இதைத்தான்

நாள் முழுக்கத் தொலைபேசியில் பேசுவதுதான் என் வேலை. மூக்கு அடைத்துக்கொண்டால் ‘ம’வும் ‘ன’வும் சரியாக வராது. எதிர்முனையில் இருப்பவர் "என்ன சொன்னீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்பார். வாயால் மூச்சு விட்டுக்கொண்டே பேசிப் பேசி, மாலைக்குள் தொண்டை வறண்டு குரல் கம்மிவிடும். அதனால் ஜலதோஷத்துக்கென்று கடையில் விற்பதையும் வீட்டில் செய்துகொள்வதையும் கவனமாகப் பார்த்துப் பார்த்துத்தான் வைத்துக்கொள்வேன். தைலம், ஆவி பிடிக்கும் கருவி, மூக்குச் சொட்டு, தேன் என்று எல்லாமே என் அலமாரியில் இருந்திருக்கின்றன. அவற்றில் எதைக் கைவிட்டாலும் இந்த பாட்டிலை மட்டும் விடமாட்டேன்.

பொருள் மிக எளிமையானது. மெத்தென்ற பிளாஸ்டிக்கில் 240 மில்லி பிடிக்கும் பாட்டில். மூடியின் உச்சி உருண்டையாக இருக்கும், அதில் சின்னத் துளை. மூடியிலிருந்து பாட்டிலின் அடிவரை மெல்லிய குழாய் ஒன்று போகும். உப்புத் தண்ணீரை நிரப்பி, உருண்டையை ஒரு நாசியில் பதித்து, பாட்டிலை மெதுவாக அழுத்தினால் தண்ணீர் அந்த நாசியில் ஏறி மூக்கின் பின்பக்கம் சுற்றி மறு நாசி வழியாக இறங்கும். போகிற வழியில் இருக்கும் கெட்டிச் சளியையும் இழுத்துக்கொண்டு வரும். அவ்வளவுதான். இதில் மருந்து என்று எதுவும் இல்லை. கழுவுகிற வேலை மட்டும்தான், அதை ஒழுங்காகச் செய்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்தது.

மூக்கு அடைப்பதற்குச் சளி மட்டும் காரணமில்லை என்பதை வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்வது நல்லது. வைரஸ் தொற்றியதும் மூக்கின் உட்புறச் சுவரில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிந்து சதை வீங்கிக்கொள்ளும். பாதிக்கு மேல் அடைப்பு அந்த வீக்கத்தாலேயே வருவதும் உண்டு. எவ்வளவு சிந்தினாலும் மூக்கு திறக்காததற்கு அதுதான் காரணம். பாட்டில் அந்த வீக்கத்தை அடியோடு எடுத்துவிடாது. வழியில் அப்பியிருக்கும் சளியை எடுக்கும், காய்ந்து எரியும் உட்புறத்தை ஈரமாக்கும். எனக்குக் கழுவியபின் சில மணிநேரம் நன்றாக மூச்சு விட முடிகிறது. பிறகு மெல்ல மறுபடி அடைக்கும். சளி மும்முரமாக இருக்கும் நாட்களில் காலை ஒரு முறை, வேலை முடிந்ததும் ஒரு முறை கழுவுவேன்.

இனி தண்ணீர். இதை எழுத உட்கார்ந்ததே முக்கியமாக இதைச் சொல்லத்தான். குழாயில் வரும் தண்ணீரை நேராக மூக்கில் விடக்கூடாது. குடிக்கத் தகுந்த தண்ணீர் எல்லாம் மூக்குக்குத் தகுந்ததல்ல. நெக்லேரியா ஃபவுலெரி என்று ஒரு அமீபா உண்டு, வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது. அது இருக்கும் தண்ணீரைக் குடித்தால் ஒன்றும் ஆவதில்லை. மூக்கு வழியாகப் போனால் மட்டும் மூளைக்கு ஏறி, பெரும்பாலும் உயிரையே எடுத்துவிடும். 2011ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய்த் தண்ணீரால் மூக்கு கழுவிய இருவர் இப்படி இறந்தார்கள். மிக மிக அரிதாக நடப்பதுதான். ஆனால் தடுப்பதற்கு ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போதும் என்னும்போது, சோம்பலுக்காக யாரும் அந்த ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம் விட வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே இருப்பவர்கள் மூன்று நிமிடம் விட வேண்டும், உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால். அப்புறம் மூடிவைத்து ஆறவிட்டு, உடம்புச் சூட்டுக்கு வந்ததும் பயன்படுத்தலாம். நான் இரவே காய்ச்சி மூடிவைத்துவிடுவேன், மிச்சம் இருந்தால் ஒரு நாளுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. காய்ச்சி வடித்த தண்ணீர் கடையில் கிடைத்தால் அதுவும் சரி.

பாட்டிலுடன் உப்புப் பொட்டலங்கள் வந்தன. ஒரு பொட்டலம் ஒரு பாட்டிலுக்கு என்று கணக்கு, எடுத்துப் போட வசதிதான். தீர்ந்ததும் மறுபடி வாங்கவில்லை. நம் ரத்தத்துக்கு ஒத்த உப்பளவு 0.9 சதவீதம், அதாவது லிட்டருக்கு 9 கிராம். இந்த பாட்டிலுக்குச் சுமார் 2.2 கிராம். கரண்டியால் அளந்தால் உப்பின் பொடிக்குத் தகுந்தபடி கூடக் குறைய வரும், அதனால் சின்ன எலெக்ட்ரானிக் தராசில் நிறுத்துப் போடுகிறேன். அயோடின் சேர்க்காத உப்பு, கட்டி பிடிக்காமலிருக்க வேறு எதுவும் கலக்காததாக இருந்தால் நல்லது. ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் எரிச்சல் இன்னும் குறையும். உப்பே போடாத வெறும் தண்ணீர் மூக்கில் ஏறினால் நீச்சல் குளத்தில் தண்ணீர் மூக்கில் போன மாதிரி உச்சிவரை சுள்ளென்று எரியும். இதைக் கேள்விப்பட்டுத்தான் பலர் மூக்கு கழுவுவது என்றாலே பயப்படுகிறார்கள். உப்பு சரியாக இருந்தால் அந்த எரிச்சல் வராது.

செய்யும் விதத்திலும் கொஞ்சம் நுணுக்கம் உண்டு. வாஷ்பேசின் மேல் நன்றாகக் குனிய வேண்டும், தலையைப் பின்னால் சாய்க்கக்கூடாது. வாயைத் திறந்து வாயால் மூச்சு விட்டபடி, ‘கா’ என்று மெல்லிய குரலில் இழுத்தால் அண்ணத்தின் பின்பகுதி மேலே எழுந்து தொண்டைப் பாதையை அடைத்துக்கொள்ளும், தண்ணீர் வாய்க்குள் இறங்காது. பாட்டிலை ஒரே சீராக, இதமாக அழுத்த வேண்டும். வேகமாக அழுத்தினால் தண்ணீர் காதுப் பக்கம் போய் அடைத்த மாதிரி ஆகும். பாதி ஒரு நாசியில், பாதி மறு நாசியில். முடிந்ததும் அப்படியே குனிந்தபடி சற்று நேரம் நிற்க வேண்டும், உள்ளே தேங்கியது சொட்டு சொட்டாக வரும். பிறகு ஒவ்வொரு நாசியாக மெதுவாகச் சிந்த வேண்டும். இரண்டையும் பொத்திக்கொண்டு பலமாகச் சிந்தினால் சளி சைனஸுக்குள்ளும் காதுப் பக்கமும் ஏறும். படுக்கப்போகும் கடைசி நிமிடத்தில் கழுவாமல் ஒரு மணிநேரம் முன்னதாகவே முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் மிச்சத் தண்ணீர் தொண்டையில் இறங்கி இருமல் கிளம்பும்.

இது வெறும் நம்பிக்கைதானா என்று கேட்பவர்களுக்கு: எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 2019ல் வெளியான சிறிய ஆய்வொன்றில், உப்பு சற்றுக் கூடுதலான கரைசலால் மூக்கு கழுவி வாயும் கொப்பளித்தவர்களுக்கு ஜலதோஷம் ஏறத்தாழ இரண்டு நாள் முன்னதாகவே விட்டது. அதே குழுவினர் பிறகு ஆறு வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு உப்புச் சொட்டு விட்டுப் பார்த்தார்கள். 2024ல் சொன்ன முடிவின்படி, மற்றக் குழந்தைகளுக்கு எட்டு நாள் இருந்த சளி இவர்களுக்கு ஆறு நாளில் அடங்கியது. குழந்தைகளுக்கு அவர்கள் கொடுத்தது சொட்டு என்பதைக் கவனிக்க வேண்டும். சின்னக் குழந்தையின் மூக்கில் இந்த பாட்டிலை வைத்து அழுத்தக்கூடாது.

அலமாரியில் இதற்குப் போட்டியாக இருந்தவற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

ஆவி பிடிக்கும் கருவியை நான் தூக்கிக் கொடுத்துவிட்டேன். என் அண்ணன் கட்சி வேறு. "ஆவி பிடிக்காம சளி எப்படி இளகும்?" என்பான். "அண்ணா, உனக்கு சுகமா இருந்தா பிடி, பிள்ளைங்க பக்கத்துல இருக்கும்போது மட்டும் வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறேன். ஆவி படும் நேரம் இதமாக இருப்பது உண்மை. ஆனால் ஆய்வுகளில் அது ஜலதோஷத்தைத் தணிப்பதாக உறுதியான முடிவு வரவில்லை. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவதோ உலகம் முழுக்க மருத்துவமனைகள் பார்க்கும் விபத்து.

மெந்தால் தைலம் இன்னும் என்னிடம் இருக்கிறது, இரவில் தூங்குவதற்காக. அது மூக்கைத் திறப்பதில்லை. குளிரை உணரும் நரம்பு முனைகளை மெந்தால் தூண்டிவிடுகிறது, அதனால் காற்று தாராளமாகப் போவதுபோல் மூளைக்குத் தோன்றுகிறது. அந்த நரம்பு முனைகளில் குளிரை உணரும் புரதத்தைக் கண்டறிய மெந்தாலைப் பயன்படுத்திய டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் பட்டாபூடியனும் வெப்பம், தொடுதல் பற்றிய ஆராய்ச்சிக்காக 2021ல் நோபல் பரிசு பெற்றார்கள். தோற்றம்தான் என்றாலும் தூக்கம் வருகிறதே, அதுவே எனக்குப் போதுமான காரணம். கற்பூரம் கலந்த தைலத்தை இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குத் தடவக்கூடாது, யாருமே நாசிக்குள் தடவிக்கொள்ளக்கூடாது.

உடனே மூக்கைத் திறப்பது என்றால் ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் வகைச் சொட்டுகள்தான். வீங்கிய ரத்தக் குழாயைச் சுருக்குகின்றன, சில நிமிடங்களில் காற்று போகும். முக்கியமான வேலை இருக்கும் நாளுக்கு நானும் வைத்திருக்கிறேன். ஆனால் மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதற்கு மேல் விட்டால் மருந்து நின்றதும் மூக்கு முன்னைவிட மோசமாக வீங்கும், மறுபடி சொட்டு விட்டால்தான் திறக்கும் என்ற நிலை வந்துவிடும். வாயால் விழுங்கும் ஃபினைலெஃப்ரின் மாத்திரைகளுக்கு என் அலமாரியில் இடமில்லை. விழுங்கினால் அது மூக்கடைப்பைக் குறைப்பதில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023ல் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. சளி பிடித்த பிறகு வைட்டமின் சி மாத்திரை தொடங்குவதாலும் பெரிய பலன் இல்லை.

தேன் மட்டும் இந்த பாட்டிலுக்குச் சமமாக என் மதிப்பில் நிற்கிறது, இருமலுக்காக. மூக்கு சரியானாலும் இருமல் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். படுக்கும் முன் ஒரு கரண்டி தேன் தொண்டையைப் பூசிக்கொண்டு அந்த நமைச்சலை அடக்கும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் தரவே கூடாது. அதில் இருக்கக்கூடிய, பாட்டுலிசம் என்னும் கடும் நச்சு நோயைத் தரும் கிருமியின் வித்துகளைப் பச்சிளங்குடல் தாங்காது.

பாட்டிலுக்குத் திரும்புகிறேன். குறைகள் இருக்கின்றன. உள்ளே போகும் குழாய் கழுவிய பிறகும் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. கழற்றி, உதறி, தனியாகக் காயவைக்காவிட்டால் உள்ளே வழுவழுப்புப் படியும். வெளியூர் போகும்போது ஈர பாட்டிலைப் பையில் மூடிவைத்துக் கொண்டுபோவது எனக்குப் பிடிக்கவில்லை, பயணத்துக்கு உப்பு ஸ்பிரே போதும் என்று முடிவு செய்திருக்கிறேன். கெட்டியாக அப்பிய சளியை ஸ்பிரேயால் வெளியே தள்ள முடியாதுதான், ஆனால் ஈரமாக்கும். கெண்டிபோல மூக்கு நீட்டிய குடுவையும் சந்தையில் உண்டு. அதில் குழாய் இல்லை, கழுவுவது சுலபம். தண்ணீர் தன் எடையாலேயே இறங்குவதால் அழுத்தமும் குறைவு. காது எளிதில் அடைத்துக்கொள்பவர்களுக்கு நான் குடுவையைத்தான் சொல்வேன். மூக்கு பெரும்பகுதி அடைத்திருக்கும் நாளில் மட்டும் குடுவைத் தண்ணீர் உள்ளே ஏறாது, பாட்டிலின் அழுத்தம் வேண்டியிருக்கும்.

இரண்டு நாசியும் துளிக்கூடக் காற்று போகாமல் அடைத்திருந்தாலோ, காதில் வலியோ தொற்றோ இருந்தாலோ, அண்மையில் மூக்கில் அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவராக இருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடாதீர்கள். சாதாரண ஜலதோஷம் ஏழிலிருந்து பத்து நாளில் இறங்கிவிடும். பத்து நாள் தாண்டியும் குறையாமல் இருப்பது, குறைந்துவந்தது திடீரென்று கூடுவது, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கன்னத்தில் குத்தும் வலியோடு காய்ச்சல் இவையெல்லாம் வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயங்களல்ல. சளி பச்சையாக வருவது மட்டும் தனியாகப் பயப்பட வேண்டியதில்லை. வைரஸோடு சண்டையிட வரும் வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம் அது, அதற்காக ஆன்டிபயாடிக் கேட்டு வாங்க வேண்டாம்.

வாங்குபவர்கள் மூடியைக் கழற்றிப் பார்த்து வாங்குங்கள். வாய் அகலமாக, தூரிகை உள்ளே போகும்படி இருக்க வேண்டும். பாட்டில் அழுத்தினால் சுலபமாக ஒடுங்கி, விட்டதும் பழைய வடிவத்துக்கு வர வேண்டும். தரமான பிளாஸ்டிக்காக இருந்தாலும் மூன்று மாதத்துக்கொரு முறை மாற்றுவது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு, நானும் அப்படித்தான் செய்கிறேன். என்னுடையதில் அளவுக் கோடு மையால் அச்சிட்டது, சோப்பு போட்டுக் கழுவிக் கழுவி அழிந்துவிட்டது. தண்ணீரின் அளவு தெரியாமல் உப்பின் அளவை எப்படி நம்புவது? அடுத்ததைக் கோடு பிளாஸ்டிக்கிலேயே புடைத்திருப்பதாகப் பார்த்துத்தான் எடுப்பேன்.