விண்கல் என்று விற்கிறார்கள், காந்தம் ஒட்டுவதைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள்

கல் சேகரிக்கும் நண்பர்கள் கவனத்துக்கு. இன்ஸ்டாகிராமில் "அர்ஜென்டினா விண்கல், சர்டிபிகேட்டுடன்" என்று ஒருவர் விற்றுக்கொண்டிருக்கிறார். கிராம் 60 ரூபாய் கணக்கில் 312 கிராம் கல் ஒன்றை அவரிடம் 18,720 ரூபாய்க்கு வாங்கினேன். வந்தது விண்கல்லே இல்லை. மேக்னடைட் என்கிற சாதாரண இரும்புத் தாது. எங்கள் சேலத்துக் கஞ்சமலையில் குவார்ட்ஸோடு பட்டை பட்டையாகக் கலந்து கிடக்கிறதே, அதே தாது.

அவர் அனுப்பிய வீடியோவில் காந்தம் டக்கென்று ஒட்டுகிறது. அவர் காட்டிய ஒரே ஆதாரம் அதுதான். மேக்னடைட்டும் காந்தத்தை அப்படித்தான் இழுக்கும். பழைய உலைக் கசடுகூடச் சில சமயம் ஒட்டும். காந்தம் ஒட்டாவிட்டால் சந்தேகப்படலாம், ஒட்டியதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

கல் கைக்கு வந்ததுமே உறுத்தியது. அவர் போட்டோவில் இருந்த கல்லில் விரலால் அழுத்தினாற்போலக் குழிகள் இருந்தன. எனக்கு வந்ததில் உடைந்த பாறையின் கூரான விளிம்புகள். குளியலறை டைல்ஸின் பின்பக்கம், பளபளப்பு பூசாத இடத்தில் தேய்த்தேன். பென்சிலால் கிறுக்கியதுபோலக் கறுப்புக் கோடு விழுந்தது. இரும்பு விண்கல் அப்படிக் கறுப்புத் தூளாக உதிராது.

அப்புறம் அடர்த்தி. இதற்குச் சமையலறைத் தராசு போதும். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, கல்லை நூலில் கட்டி அடியில் படாமல் முழுக்க மூழ்கவிட்டேன். 62 கிராம் காட்டியது. கல் ஒதுக்கிய தண்ணீரின் எடை அது. ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீர் ஒரு கிராம் என்பதால், கல்லின் கன அளவு 62 கன சென்டிமீட்டர் என்று அர்த்தம். 312-ஐ 62-ஆல் வகுத்தால் சுமார் 5. சுத்தமான மேக்னடைட் 5.2-க்குப் பக்கத்தில் வரும். இரும்பு விண்கல்லாக இருந்தால் 7.8-ஐ ஒட்டி வரவேண்டும், அதாவது தராசு 40 கிராம்தான் காட்டியிருக்க வேண்டும். கடைசியாக ஒரு மூலையை அரத்தால் ராவினேன். உள்ளே வெள்ளிபோல மின்னும் உலோகம் துளிகூட இல்லை.

சர்டிபிகேட்டில் "காம்போ டெல் சியலோ" என்று போட்டிருக்கிறது. அந்தப் பெயர் உண்மையானது, அர்ஜென்டினாவில் விழுந்த இரும்பு விண்கற்களின் பெயர். அதனால் என்ன பயன்? யார் சோதித்தார்கள், இரும்பு விண்கல்லில் இருக்கவேண்டிய நிக்கல் எவ்வளவு, எந்த ஆய்வகம் என்று ஒரு வரி கிடையாது. ஹாலோகிராம் ஸ்டிக்கர் மட்டும் இருக்கிறது. பெயர் உண்மையாக இருப்பது கையில் உள்ள கல்லுக்குச் சாட்சி ஆகாது.

கேட்டதற்கு, "சார், எங்க கல்லு எல்லாமே ஒரிஜினல். வீட்ல வெச்சுப் பாருங்க, அதிர்ஷ்டம் தேடி வரும்" என்றார். சோதனைப் படங்களை அனுப்பியதும் பிளாக் செய்துவிட்டார். ஆர்வத்தோடு சேமித்து வாங்குகிற கல்லூரிப் பிள்ளைகளும் இவரிடம் கேட்டுக்கொண்டிருப்பதைக் கமெண்ட்டில் பார்த்தேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், கல்லின் ஒரு பக்கத்தை வெட்டி, மெருகேற்றி, அமிலம் பூசிக் காட்டச் சொல்லுங்கள். காம்போ டெல் சியலோ கல்லில் அகலமான உலோகப் பட்டைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு தெரியும். அதையும் அந்தக் கல்லைத் தண்ணீரில் எடைபோடுவதையும் ஒரே வீடியோவில், நடுவில் வெட்டாமல் கேளுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் உடனே 1930-க்கு அழைத்துச் சைபர் கிரைமில் புகார் கொடுங்கள். யுபிஐ பரிவர்த்தனை எண், சாட், பார்சல் கவர் மூன்றையும் பத்திரமாக வையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் இரண்டு இடத்திலும் புகார் பதிந்துவிட்டேன். இதே மாதிரி ஸ்டிக்கர் ஒட்டிய சர்டிபிகேட் உங்களுக்கும் வந்திருந்தால் நீங்களும் பதியுங்கள்.